காக்காவோட காருக்குப் பூசின சுறா எண்ணெய்

கார்த்திகை 9, 1956

கூடப்பிறந்த அண்ணன், எங்க காக்கா, கொழும்பில் இருக்கும்வரை, உப்புக்காத்து அரிக்காமலிருக்க அவுக காருக்கு, தோணிக்குப் பூசுற சுறா எண்ணெயைத்தான் பூசி வைப்பேன். வாரேன்னு தந்தி வந்தால்தான் அதைத் துடைச்சுட்டு பாலிஷ் போடுவேன்.

இன்னைக்கு மத்தியானமும் தந்தி வந்துச்சு. காக்கா மௌத்தாயிட்டாக, உசுரு போயிருச்சுன்னு. தந்தியைச் சட்டைப்பையில் வச்சுக்கிட்டு, என்ன செய்யுறோம்னு தெரியாமல் பாலிஷ் டப்பாவைத் திறந்துட்டேன். பாதிக் கார் மின்னும்போது காக்கா சம்சாரம், மைனி, வாசலுக்கு வந்து சிரிச்சாக.

"எப்ப வாராக தம்பி?"

நான் குனிஞ்சு மட்கார்டைத் துடைச்சேன். மைனி, காக்காவுக்குப் பிடிச்ச இடியாப்பத்துக்கு அரிசி ஊறப்போடப் போயிட்டாக.

பொழுது சாஞ்சதும், மின்னின பாதிக்கு மறுபடி எண்ணெயைப் பூசிட்டேன். சோப்புப் போட்டும் கையில் வாடை போகலை. விடிஞ்சதும் மைனி வாசல் கூட்ட வருவாக; காரைப் பார்ப்பாக.