ஷட்டர் இறங்கியதும் வீட்டுக்கு வந்தவன்

என்னைக் கூச்சக்காரி என்று செல்லமாகத் திட்டும் அம்மாவுக்கு,

நல்ல செய்தியோடுதான் எழுதுகிறேன். தம்பி வேலைக்குப் போகிறான். அதுவும் தனியாக, பஸ்ஸில். ஒரு தடவை மூச்சு விட்டுக்கொள்ளுங்கள், மிச்சத்தைச் சொல்கிறேன்.

கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் உங்கள் நோயைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. "ஸ்கூல் முடிஞ்சா இவன் எங்கடி போவான்? யாரு கூட்டிட்டுப் போவா?" என்றுதான் கேட்டீர்கள். நம் வீட்டின் முதல் பட்டதாரி நான். பேராதனை யுனிவர்சிட்டியில் படித்த எதிலும் அதற்கு விடை இருக்கவில்லை.

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வரைக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரு வகுப்பு, ஒரு டீச்சர், நேரத்துக்கு அடிக்கும் மணி. அந்த கேட்டைத் தாண்டி வளர்ந்த பிள்ளையாக வெளியே வந்த பிறகு? எத்தனை பேர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே வயதாகிறார்கள்?

அவனுடைய கடைசி வருடம் தொடங்கியபோதே டீச்சர் அப்பாவையும் என்னையும் கூப்பிட்டுப் பேசினார். "இவர் என்னவா வரணும்னு யோசிக்காதீங்க. இவருக்கு எது பிடிக்கும், எது தாங்காது, எதுல உதவி வேணும்னு பாருங்க. கடைசி நாள் வரைக்கும் சும்மா இருந்துடாதீங்க."

முதலில் ஒரு தொழிற்பயிற்சி வகுப்பில் விட்டுப் பார்த்தோம். மெஷின் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டான். பிறகுதான் உங்கள் சேலைகள் ஞாபகம் வந்தன. கரையோடு கரை பொருத்தி மடித்து, நிறம் பார்த்து அலுமாரியில் அடுக்குவானே!

கண்டி டவுனில் ஒரு ஹாஜியாரின் துணிக்கடை. உள்ளே போய்க் கேட்க வாய் வராமல் வெளியிலேயே நின்றேன். "நீ டிகிரி வாங்குனது கடை வாசல்ல நிக்கிறதுக்கா?" என்று அப்பா முதுகில் தட்டினார்.

"புள்ள பேச மாட்டாரா?" என்று கேட்டார் ஹாஜியார்.

"தேவையானத மட்டும் பேசுவான்" என்றேன்.

"அப்ப நல்லம் மகள். இங்க ஈக்கிற மத்தவங்க தேவையில்லாதத மட்டும்தான் பேசுற."

முதலில் காலையில் கொஞ்ச நேரம் மட்டும் போனான். சாரன்களையும் பெட்ஷீட்களையும் மடித்தான். வேலையில் குறை இல்லை. ஆனால் கடையில் மணி அடிக்காதே! முழு நாளும் வேலை என்றானதும், "வீட்டுக்குப் போற நேரமா?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருந்தான். "ஷட்டர் இறங்கினா வேலை முடிஞ்சது, வீட்டுக்குப் போகலாம்" என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அதன் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காலையில் அவனைக் கடையில் விட்டுவிட்டு நான் பேராதனைக்கு ஆபீஸ் போவேன். மாலையில் வந்து கூட்டிக்கொண்டு அம்பிட்டிய வீட்டுக்கு பஸ் ஏறுவேன். தனியாக அனுப்பும் யோசனை எங்களுக்கு வரவே இல்லை. வளர்ந்த பிறகும் ரோட்டில் நீங்கள் அவன் கையை விட்டதில்லை. நீங்கள் போன பிறகு நாங்கள் மட்டும் எப்படி விடுவது?

முழு நாள் வேலை தொடங்கி வந்த முதல் வெள்ளிக்கிழமை. பகலில் ஜும்மா தொழுகைக்காகக் கடையை மூடுவார்கள் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. ஹாஜியாருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. ஷட்டர் இறங்கியது. தம்பி பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டான்.

பள்ளிவாசலிலிருந்து திரும்பிய ஹாஜியார் எனக்கு போனில் கோல் எடுத்தார். "மகள், பயப்படாதீங்க... புள்ளையக் காணல்ல."

அப்பா ஆட்டோவை எடுத்துக்கொண்டு மார்க்கெட் பக்கமும் வாவிப் பக்கமும் சுற்றினார். ஆபீஸிலிருந்து ஓடி வந்த நான் பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கினேன். கண்டக்டர்கள், பொலிஸ்காரர், கடலை விற்பவர் என்று எல்லோரையும் என் உடைந்த சிங்களத்தில் கேட்டேன். எங்கேயாவது ரோட்டில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறானோ? யாராவது அடித்துவிட்டால்?

அப்போது அப்பாவின் கோல். "வீட்டுலதான்டி இருக்கான். சோத்தப் போட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்."

அதே பஸ்ஸில் வந்த பக்கத்து வீட்டு அக்காதான் கதையைச் சொன்னார். அவனே பஸ் காசைக் கொடுத்தானாம். நாம் இறங்கும் பஸ் ஹோல்ட் வந்ததும் இறங்குகிறேன் என்று சிங்களத்தில், "பஹினவா!" என்று பஸ்ஸே அதிரக் கத்தினானாம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஹோல்ட் வரை போய்த் திரும்பி நடந்து வருகிறவள் நான். அழுதுகொண்டே சிரித்தேன்.

"ஷட்டர் இறங்கிச்சு. வீட்டுக்கு வந்துட்டேன்" என்றான் தம்பி. அதில் என்ன பிழை?

அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு காலமா நம்மதான் இவன்கூட சும்மா பஸ்ல போய்க்கிட்டு இருந்தோமோ?"

இப்போது வெள்ளிக்கிழமை பகலில் கடை ஷட்டர் பாதிதான் இறங்கும். "பாதி போட்டா பாதி நாள். நான் பள்ளிக்குப் போயிட்டு வார வரைக்கும் சாப்பிட்டுட்டு இங்கயே ஈங்க" என்று ஹாஜியாரே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். காசு வாங்கும் மேசையில் இருக்கும் நங்கியும், அந்தச் சிங்களத் தங்கச்சியும், அவனோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கொஞ்ச நாள் அப்பா ஆட்டோவில் பஸ்ஸின் பின்னாலேயே போனார். பிறகு அதையும் விட்டுவிட்டார். நான் காலையில் நேராகப் பேராதனைக்குப் போகிறேன் அம்மா. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தூங்கக்கூடச் செய்கிறேன்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பெரஹெர ஊர்வல நாட்களில் பஸ் வேறு வழியாகப் போனால் என்ன செய்வான்? அப்பாவுக்கு முடியாமல் போகும்போது? எனக்கென்று ஒரு குடும்பம் வந்தால்? டீச்சரோடு இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் முன்பு போல இந்தக் கேள்விகளோடு விடிய விடிய விழித்திருப்பதில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். தம்பியின் நாளைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவனையும் பக்கத்தில் உட்கார வைத்தே பேசுவோம். அவனுக்கு என்ன தெரியும் என்று அவனிடம் கேட்ட பிறகுதான் பயப்படுவேன்.

உங்கள் மூத்தவள்,
அவனுக்கு என்றும் அக்கா.