பம்ப் போடாத பள்ளம்

நெய்வேலி, பிளாக் 19
ஏப்ரல் 27, ஞாயிறு

அன்பு மகள் காயத்ரிக்கு அப்பா எழுதுவது.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கொடுத்த சாக்லேட் சென்னையில் இறங்கியதுமே உருகிவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. போனில் பேசினால் நடுவில் மாப்பிள்ளை வந்து நலம் விசாரிப்பார், நானும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

ஜெர்மனிக்கு வந்தவனை, வசந்தகாலக் காட்டுப்பூ பார்க்கலாம் என்று மூன்று மணி நேரம் காரோட்டி அந்த எரிமலைப் பள்ளத்துக்குக் கூட்டிப்போனாய். நான் என்ன செய்தேன்? அடியில் ஏரியைப் பார்த்ததும், "இவ்ளோ தண்ணி நிக்குது, ஒரு பம்ப்கூட ஓடலியே?" என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். அதோடு நிறுத்தினேனா? சரிவு சரியில்லை, நம்ம மைன்ஸ் இதைவிட ஆழம் என்று அளந்துகொண்டே வந்தேன். முப்பத்தைந்து வருஷம் சுரங்கத்தில் ராப்பகலாகப் பம்ப் ஓட்டியவன் புத்தி வேறெங்கே போகும்? நீ மஞ்சள் பூவைக் கண்டுபிடித்து, "அப்பா, இங்க வந்து பாருங்கப்பா" என்று இரண்டு தரம் கூப்பிட்டாய். நான் வரவில்லை. திரும்பும்போது காரில் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. விமான நிலையத்திலும்தான்.

நேற்று என் ஷிப்ட் கூட்டாளி சிங்காரவேல் கம்மாபுரத்திலிருந்து வந்தார். "பொண்ணு பூ பாக்க இட்டுக்கினு போச்சாமே, எப்படிங்க இருந்திச்சு?" என்றார். பள்ளத்தின் ஆழத்தைத்தான் சொன்னேன். வெட்கமாகப் போய்விட்டது.

உண்மை இதுதான். பூ கண்ணில் பட்டதும் உன் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. மைன்ஸ் மண்மேட்டில் ஆவாரம்பூ பூத்திருக்காம், ஒரு நாள் கூட்டிப்போங்க என்று பங்குனிக்குப் பங்குனி கேட்பாள். எனக்கு எப்போதும் ஷிப்ட். ஒரு வருஷம் உன்னை இழுத்துக்கொண்டு அவளே போய், டிபன் பாக்ஸ் மூடி நிறையப் பூவோடு வந்தாள். பாஸ் இல்லாமல் ஏன் போனாய் என்று கத்தினேன். உனக்கு ஆறு வயது, நினைவிருக்கும். அதன்பிறகு அவள் கேட்கவேயில்லை. இப்போது அவள் போயே நாலு வருஷம். அங்கே நான் குனிந்து பூவைப் பார்த்திருந்தால் மாப்பிள்ளை முன்னால் அழுதிருப்பேன். அதனால்தான் பம்ப்பையே பிடித்துக்கொண்டேன்.

இன்று காலை மண்மேட்டுக்குப் போனேன், பாஸோடு. ஆவாரை பூத்திருக்கிறது. பறிக்கவில்லை.

ஜூனில் ரிட்டயர் ஆகிறேன், இனி ஷிப்ட் இல்லை. அடுத்த வசந்தத்தில் இன்னொரு தரம் அந்தப் பள்ளத்துக்குக் கூட்டிப்போவாயா? பம்ப் பேச்சே எடுக்க மாட்டேன். அதற்கு முன்னால் ஒரு தடவை இங்கே வந்துவிட்டுப் போ. அன்றைக்கு அம்மா மண்மேட்டுக்கு எந்த வழியாகப் போனாள் என்று உனக்குத்தான் தெரியும்.

நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அப்பா,
கோபாலகிருஷ்ணன்