அக்கா பிழை பார்த்த கல்

மார்ச் 3

வெட்கக்கேட்டை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டிப் பிழைக்கிற எனக்கு எழுத்து சரியாகத் தெரியாது. எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த பகை மூன்றாம் வகுப்போடு தீர்ந்தது. நேற்று ஒருவரின் கல்லில் ‘அமைதியாக உறங்குகிறார்’ என்பதற்குப் பதில் ‘அமைதியாக இறங்குகிறார்’ என்று வெட்டி, கொண்டுபோய் நட்டும்விட்டேன். நல்ல காலம், செத்தவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டியவர். நான் யோசித்துத்தான் போட்டிருக்கிறேன் என்று நினைத்து அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அக்கா அழவில்லை. “இனிமே தினம் ஒரு பக்கம் எழுது. எழுதியாவது புத்தி வருதான்னு பாப்போம்” என்று இந்த நோட்டை மடியில் எறிந்தாள். அவள் எட்டாவது படித்தவள். கல்லில் நான் வரைந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்து “பிழையில்லை” என்பாள். அதற்கப்புறம்தான் நான் உளியை எடுப்பேன். இந்தக் கல் வெட்டிய அன்று அவளுக்குக் காய்ச்சல். ஆகவே பாதிக் குற்றம் உன்னுடையது என்றேன். கரண்டி பறந்து வந்தது.

மார்ச் 4

தினம் ஒரு பக்கமாம். இன்று ஒரு வரி. அவ்வளவுதான் சரக்கு.

மார்ச் 9

ராணுவத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கக்கத்தில் கோப்பு. பெயர் சொல்லவில்லை, கோப்புக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன். பழைய நூல் மில் இருந்த இடத்தில் பூங்கா வருகிறதாம். நடுவில் தளபதிக்குச் சிலை. போன வருடம் வயதாகிப் படுக்கையில் செத்தாரே, அவருக்குத்தான். பீடத்துக் கல்லில் நான் எழுத்து வெட்ட வேண்டும்.

“தெருக்கோடியில என்னைவிடக் கெட்டிக்காரர் இருக்காரே சார்.”

“அவருக்குக் கை சுளுக்காம்.” என் கையைப் பார்த்தார். “உங்க கை நல்லாத்தானே இருக்கு?”

சிரித்துக்கொண்டே விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினேன். அவர் போனதும் தெருக்கோடிக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. பூட்டின்மேல் அரக்கு முத்திரை. எங்கே போனார் என்று விசாரித்தேன். நான் கேட்டவுடன் எல்லாருக்கும் ஏதோ ஒரு வேலை வந்துவிட்டது.

மார்ச் 10

அக்காவிடம் எப்படிச் சொல்வது?

அத்தான் அந்த மில்லில்தான் வேலை பார்த்தார். முப்பத்தொரு வருடம் ஆகிறது. வேலைநிறுத்தம் என்று எல்லாரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். தளபதி வெளிக்கதவைச் சாத்திவிட்டுப் படையை உள்ளே அனுப்பினார். மூன்று நாள் கழித்துக் கதவு திறந்தபோது மில் காலி. தரை கழுவியிருந்தது. யாரும் சாகவில்லை, கலகக்காரர்கள் பின்பக்கமாக ஓடிவிட்டார்கள் என்று அரசாங்கம் சொன்னது. இன்றுவரை அதையேதான் சொல்கிறது. ஒவ்வொரு வருடமும் அக்கா ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுகிறாள். கணவர் என்ற இடத்தில் ‘ஓடிப்போனவர்’ என்று அச்சடித்தே வரும்.

ஊருக்கெல்லாம் கல் வெட்டுகிறேன். அத்தானுக்கு ஒன்று வெட்டவில்லை. வெட்டி எங்கே நடுவது?

மார்ச் 11

சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “வெட்டிக்கோ. பிழை பாக்க என்னைக் கூப்பிடாத.”

பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர் சமாதானம் சொல்ல வந்தார். “கோச்சுக்காதம்மா. அன்னைக்குத் தளபதி வரலைன்னா இந்தத் தெருவே எரிஞ்சிருக்கும். என் கடை நின்னது அவராலதான்.” மனுஷர் பொய் சொல்லவில்லை. அவர் கடைக்குத் தீ வைக்க ஒரு கும்பல் வந்தது நிஜம்.

“உங்க கடை நின்னுச்சு” என்றாள் அக்கா. “நல்லா இருங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். என் செருப்பைப் போட்டுக்கொண்டு.

மார்ச் 17

பீடத்தை அளவெடுக்கப் போனேன். ஆறடி ஆழம் தோண்டச் சொல்லியிருந்தார்களாம். மூன்றடியிலேயே கோப்புக்காரர் போதும் என்று நிறுத்தி, அன்றைக்கே கான்கிரீட் கொட்ட வைத்துவிட்டாராம்.

“அப்படி என்ன வந்துச்சு?” என்று கொத்தனாரைக் கேட்டேன்.

“மண்ணுதான்” என்றார். கரணையைத் துடைத்தார். “மண்ணுல சாப்பாட்டுத் தூக்கு கிடந்தா, அதுவும் மண்ணுதான்.”

“எத்தனை தூக்கு?”

“எண்ண விடல.”

மார்ச் 18

அக்காவிடம் மறைக்க முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். நடுவில் ஒரே ஒரு கேள்வி: “சரியா எந்த இடம்?”

சிலை நிற்கப்போகிற இடம் என்றேன்.

மார்ச் 20

கோப்புக்காரர் வாசகம் கொண்டுவந்தார். ஒரே வரி: ‘கலகக்காரர்களை அடக்கிய மாவீரர்.’ வாசிக்கச் சொன்னார். திக்கித் திக்கி வாசித்தேன்.

“எத்தனாவது படிச்சே?”

“மூணாவது சார். அதையும் ரெண்டு தடவை.”

முதல் முறையாகச் சிரித்தார். பிறகு, “பிழை வந்தா...” என்றார். மீதியைச் சொல்லவில்லை. கோப்பை மூடினார். பிழையெல்லாம் எங்கக்கா பாத்துக்குவா என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

மார்ச் 24

அடக்கிய. அடக்கிய. கைக்கு வரமாட்டேன் என்கிறது. முப்பது வருடமாக இந்தக் கைக்குத் தெரிந்ததெல்லாம் ‘அடக்கம்’தான். இன்னார் கணவர் இன்னார் இங்கே அடக்கம். கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன். வெறுமனே ‘அடக்கிய’ என்றால் தெருநாயை அடக்கின மாதிரி மொட்டையாகவும் இருக்கிறது. எங்கள் தொழிலில் மரியாதையாக ‘அடக்கம் செய்த’ என்றுதான் போடுவோம். கைப்பழக்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? மூன்றாவது படித்தவனுக்கு இரண்டும் ஒன்றுதானே?

மார்ச் 25

வரைந்தேன். அழித்தேன். வரைந்தேன். தெருக்கோடிக் கடையில் இன்னும் அந்த அரக்கு இருக்கிறது. பயமா இருக்கு. பொய் சொல்லல, ரொம்பப் பயமா இருக்கு.

மார்ச் 27

கூப்பிடாமலே அக்கா பட்டறைக்கு வந்தாள். கல்லின் முன்னால் குந்தினாள். விரலை வைத்தாள். ‘கலகக்காரர்களை’ மேல் விரல் வேகமாக ஓடியது. அடுத்த சொல்லில் நின்றது. பின்னால் போய், மறுபடியும் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகத் தடவியது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏண்டா, மூணாவதையாவது ஒழுங்காப் படிச்சியா?”

“வாத்தியார் விடலக்கா.”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை, முதலிலிருந்து கடைசிவரை, மெதுவாகத் தடவினாள்.

“பிழையில்லை” என்றாள்.

உளியை எடுத்தேன்.

ஏப்ரல் 2

கல்லைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்ப் பதித்தாயிற்று. கோப்புக்காரர் சாக்கைப் பிரிக்கச் சொன்னார். “ஈரச் சிமெண்ட் சார். இப்ப கை வச்சா கல்லு கோணிக்கும்” என்றார் கொத்தனார். பதிக்கும்போது அவர் வாசித்திருக்கிறார். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஏப்ரல் 5

வாசலில் வண்டி நிற்கிறது. சட்டை மாற்ற ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார் கோப்புக்காரர். அக்கா பையில் துண்டு வைக்கிறாள், சோப்பு வைக்கிறாள். “இனிமே அந்தப் படிவத்துல கையெழுத்துப் போட மாட்டேன். கல்லைப் போய்ப் பாருங்கன்னு சொல்லிடுவேன்” என்கிறாள். இந்த நோட்டை அவள் ஒளித்தாலும் சரி, அடுப்பில் போட்டாலும் சரி.

காலையில் விழா நன்றாகவே நடந்தது. அமைச்சர் திரையை இழுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கல்லில் இருந்ததை இருந்தபடியே ஒலிபெருக்கியில் வாசித்தார்: “கலகக்காரர்களை அடக்கம் செய்த மாவீரர்.” கடைசி வரிசையில் அக்கா எழுந்து நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், அதே படிவத்தில் கையெழுத்துப் போடுகிற இன்னொருத்தி. அப்புறம் அந்த வரிசை முழுக்க. கொத்தனார் தொப்பியைக் கழற்றினார்.

ஒரு சொல் மாறிப்போயிருக்கிறது. வருந்துகிறேன். கல் வெட்டிய அன்று அக்காவுக்குக் காய்ச்சலாக இருந்ததால் யாரும் பிழை பார்க்கவில்லை.