இரண்டு வெல்டர்களுக்கு ஒரு ஜோடி கையுறை

அனுப்புநர்:
சு. சுப்புராயன், வெல்டர்,
கல்யாணராமன் கிரில் பட்டறை,
மேற்கு மாம்பலம், சென்னை.

பெறுநர்:
தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்,
சென்னை.

பொருள்: சக வெல்டர் ஜவஹரின் கை வெந்தது குறித்தும், என்னிடம் கேட்கப்படும் பொய்ச் சாட்சி குறித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி பட்டறையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். வெல்டர்கள் நானும் ஜவஹரும் மட்டுமே. நான் இடது கைக்காரன். அதற்காகவே மூன்று பட்டறைகளில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். வேலை கொடுத்தவர் முதலாளி கல்யாணராமன் அவர்கள்தான். அந்த நன்றி எனக்கு உண்டு.

2. சென்ற ஆண்டு கையுறை தேர்ந்தெடுக்க என்னைச் சிந்தாதிரிப்பேட்டைக்கு அனுப்பினார்கள். ரப்பர் உறை உருகித் தோலோடு ஒட்டும். துணி உறையில் பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும். ஆகவே முழங்கை வரை வரும் தடித்த தோல் உறை இரண்டு ஜோடி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். முதலாளியிடம் சொல்லும்போது, பெரிய புத்திசாலிபோல, “எனக்கு இடது கைதான் முக்கியம் முதலாளி, வலது உறை சும்மாதான் கெடக்கும்” என்றேன். அவர் சிரித்தார். “ஜவஹருக்கு வலது, உனக்கு இடது. ஜாதகப் பொருத்தம் பாத்த மாதிரி இருக்கேய்யா! ஒரு ஜோடி போதும்” என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என் விஷயத்தில் சரியாகிவிட்டது.

3. அன்று முதல் ஒரு ஜோடியை இருவரும் பிரித்துப் போடுகிறோம். வெல்டிங் பிடிக்கும் கைக்கு உறை. இரும்பைப் பிடிக்கும் கை வெறுங்கை. ஒருவர் லீவு போட்டால் மற்றவருக்கு முழு ஜோடி. ஜவஹருக்குக் காய்ச்சல் என்று கேட்ட காலைகளில் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்ததுண்டு. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

4. கடந்த 5ஆம் தேதி, அடையாறில் ஒரு வீட்டுக்கான ஜன்னல் கிரில் ஸ்டாண்டிலிருந்து சரிந்தது. அப்போதுதான் பற்றவைத்த மூலை. சிவப்பு அடங்கியிருந்ததே தவிர சூடு அடங்கவில்லை. ஜவஹர் யோசிக்காமல் இடது கையால் பிடித்துவிட்டார். உள்ளங்கைத் தோல் இரும்போடு போய்விட்டது. இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த நேரம் இடது கை உறை என் கையில் இருந்தது.

5. இப்போது முதலாளி ஒரு தாள் தயாரித்திருக்கிறார். இருவருக்கும் தனித்தனி ஜோடி கொடுக்கப்பட்டதாம். பீடி பற்றவைக்க ஜவஹர் உறையைக் கழற்றினாராம். ஜவஹர் வாழ்நாளில் பீடி தொட்டதில்லை. அதில் சாட்சியாக நான் திங்கட்கிழமை காலை கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தால் வேலை இல்லை.

6. ஜவஹரைப் பார்க்கப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “போட்டுத் தொலை நைனா. எனக்குத்தான் கை போச்சு, உனுக்கு வேலையும் போவணுமா? உன் வூட்ல ரெண்டு பொண்ணு கீது” என்றார். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். தினமும் நெருப்போடு பிழைப்பவன்தான் நான். ஆனாலும் இப்படி நடுவில் மாட்டியதில்லை.

7. ஆகவே தாங்கள் முன்னறிவிப்பின்றி நேரில் வர வேண்டுகிறேன். தாளை நம்ப வேண்டாம் ஐயா. எங்கள் கைகளை நீட்டச் சொல்லிப் பாருங்கள். உறை போட்ட என் இடது கையில் பழைய தழும்பு நாலைந்துதான் இருக்கும். வலது கை முழுக்கப் புதிய தீப்புண். ஜவஹருக்கு வலது கை சுத்தம். இடது கையை நான் விவரிக்க விரும்பவில்லை. தனித்தனி ஜோடி இருந்திருந்தால் இரண்டு பேர் கைகள் இப்படி இருக்குமா?

8. விளக்கம் கேட்டு இந்த மனுவை முதலாளிக்கு அனுப்பிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பெயரை மறைத்தாலும் பயனில்லை, அந்தப் பட்டறையில் இடது கை வெல்டர் நான் ஒருவன்தான்.

திங்கட்கிழமைக்குள் தாங்கள் வந்தால் என்னைப் பட்டறையிலேயே விசாரிக்கலாம். தாமதமானால் நான் அங்கே இருக்க மாட்டேன். அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்காது. அப்போதும் வாருங்கள் ஐயா. என் இடத்துக்கு வருகிறவனுக்கு எத்தனை உறை கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இடம்: சென்னை
தேதி: 14-11-1997

பணிவுடன்,
சு. சுப்புராயன்