குள்ளர் வீட்டைத் திறந்துவிட்டார்கள்

என்னை விட்டுவிட்டு முந்திக்கொண்ட அக்காவுக்கு,

நம் ஊர் மேட்டில் இருக்கிற குள்ளர் வீட்டைத் தோண்டுகிறார்கள், தெரியுமா? சர்க்கார் ஆட்கள் வந்து கூடாரம் போட்டிருக்கிறார்கள். நானும் மண் கூடை சுமக்கப் போகிறேன். நீ இருந்திருந்தால் எனக்கு முன்னால் ஓடியிருப்பாய்.

நெருப்பு மழைக்குப் பயந்து குள்ளர்கள் அந்தக் கல் வீடுகளுக்குள் போனார்கள், வெளியே வரவே இல்லை என்றுதானே ஊரே சொல்லும்? பலகைக் கல்லில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்குமே, அதுதான் அவர்கள் வாசல் என்று சாதிப்பாய். அதற்குள் களி உருண்டையைப் போட்டுவிட்டு, "இந்நேரம் தின்னுருப்பாங்கடி" என்பாய். எறும்புதான் தின்றது. உன்னிடம் யார் சொல்வது?

குள்ளரும் இல்லை, வீடும் இல்லை அக்கா. உள்ளே மண்பானை, துருப்பிடித்த கத்தி, நம் உயர ஆட்களின் எலும்பு. அதிகாரி சொன்னதை மேஸ்திரி எங்களுக்குச் சொன்னார். "இது பொணத்த வெச்ச எடம்மா. அப்புறம் செத்தவங்களயும் இதுக்குள்ளயே வெச்சிருக்காங்க. மொதல்ல இருந்தவங்க எலும்ப ஓரமாத் தள்ளிட்டு." அதைக் கேட்டபின் என்னால் கூடையைத் தூக்க முடியவில்லை.

ஏன் என்று கேள். நீ ஜுரத்தில் போய் வருஷம் திரும்பவில்லை, என்னை உன் புருஷனுக்கே கட்டிவைக்கப் போகிறார்கள். நாளைக்கு ஜவளகிரியிலிருந்து உன் புகுந்த வீட்டார் வெற்றிலை பாக்கு மாற்ற வருகிறார்கள். "தாயில்லாக் கொழந்தய வேற எவ பாத்துக்குவா?" என்கிறார் அப்பா. உன் மாமியார் ஒரு படி மேலே. "புதுசா எதுக்கு? அவ சீலைங்க பொட்டி நெறயக் கெடக்குது. இவளே கட்டிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மாமா கெட்டவர் என்றால் சண்டையாவது போடலாம். பாவம், அவரும் "பெரியவங்க சொன்னா சரி" என்று தலையைக் குனிந்துகொள்கிறார். நான் யாரைக் கோபிப்பது?

உன் மகள் இங்கேதான் இருக்கிறாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். அவளை விடவும் முடியவில்லை, அங்கே போகவும் முடியவில்லை.

நாளைக்கு அத்தனை பேர் நடுவில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வருமா, தெரியாது. உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டால் பின்வாங்க மாட்டேன் என்றுதான் எழுதுகிறேன். உன் மகளை நான் வளர்ப்பேன், இந்த வீட்டில் வைத்து. உன்னை ஓரமாகத் தள்ளிவிட்டு என்னை அங்கே வைக்க விடமாட்டேன். சத்தியம்.

என்றைக்கும் உன் தங்கை மட்டுமே,
சின்னி