எதிராளியின் கை எவ்வளவு கனம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மந்தைவெளியில் நண்பன் அச்யுத் வீட்டில் மதியம் முழுக்க வாய்ச்சண்டை. அவன் யூடியூப் சேனலுக்கு அடுத்த வீடியோ: ஹெவிவெயிட் பாக்ஸிங் சாம்பியன்களில் யாருடைய எதிராளிகளுக்குக் குத்து கனம்? ஒவ்வொரு எதிராளியும் வாழ்நாளில் செய்த நாக் அவுட்டை எல்லாம் கூட்டி வைத்திருக்கிறான். மார்சியானோவின் கணக்கில் ஜோ லூயியின் வாழ்நாள் நாக் அவுட் முழுசும் ஏறியிருக்கிறது. அடப்பாவி! அந்தச் சண்டையின்போது லூயிக்கு முப்பத்தேழு வயது. இளமையில் அவர் விட்ட குத்தெல்லாம் மார்சியானோ மேலா விழுந்தது?

“அன்னைக்கு அந்தக் கையில என்ன இருந்துச்சுன்னு பாரு. அதுக்கு முன்னால யார விழவச்சான்னு பாரு. நோஞ்சான அடிச்சதெல்லாம் ஒரு நாக் அவுட்டா?” என்று கத்தினேன்.

“சரி ப்ரியா, உன் ரெக்கார்டையும் அப்படியே பார்த்துடலாமா?” என்றான்.

எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் கோபம் கோபமாக வந்தது.

ஆகஸ்ட் 4

பார்த்தேன்.

பெண்களில் எண்பத்தொரு கிலோவுக்கு மேல் என்றால் போட்டிக்கு ஆளே வருவதில்லை. என்னிடம் மூன்று தங்கம். அதில் இரண்டு வாக்ஓவர். கிளவுஸ் மாட்டிக்கொண்டு தனியாக ரிங்கில் ஏறுவேன், ரெஃப்ரி என் கையைத் தூக்குவார், கைதட்டுவார்கள், இறங்குவேன். மூன்றாவதில் எதிரே வந்த பெண் முதல் ரவுண்டிலேயே அழுதுவிட்டாள். என்னை யாரும் ஒழுங்காக அடித்ததே இல்லை! அடித்தால் நிற்பேனா? நான் பாக்ஸர்தானா? அப்பா அந்த மெடல்களை எங்கள் தி. நகர் ஜவுளிக்கடையில் கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறார். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9

செப்டம்பர் 14 அன்று இரண்டு இடத்தில் போட்டி. வேலூரில் என் பிரிவில் வேறு யாரும் இல்லை, போனால் தங்கம். அடையாறில் மணிமொழி வருகிறாள். தர்மபுரிக்காரி. அவள் வலது கை பட்டவர்கள் எழுந்ததில்லை என்கிறார்கள்.

கோச் ஜீஷான் மாஸ்டர் வேலூர்தான் என்கிறார். “அவ கை இன்னா வெயிட்டு கீது தெரியுமா? வம்ப வெலைக்கு வாங்காதமா.”

ஆகஸ்ட் 10

அடையாறுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மாஸ்டர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அம்மா திட்டினாள்: “தங்கம் சும்மா கெடைக்கி, அத விட்டுட்டு அடி வாங்கவாட்டி போற?”

ஆமாம். அடி வாங்கத்தான்.

ஆகஸ்ட் 27

மாஸ்டர் இறங்கி வந்துவிட்டார். ஒரு பையனை நிறுத்தி என்னை வலது கையாலேயே அடிக்கச் சொல்கிறார். தலையை நகர்த்தப் பழகுகிறேன். விலா முழுக்க வலி.

வீட்டுக்கு வந்தால் பழைய வீடியோக்கள். 1979-ல் ஷேவர்ஸின் வலது கையில் ஹோம்ஸ் விழுகிறார். 2018-ல் வைல்டரிடம் ஃப்யூரி விழுகிறார். யார் குத்து கனம் என்று அச்யுத் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். விழுந்தவர்கள் எழும்போது முதலில் எந்தக் காலை ஊன்றினார்கள் என்று நான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 13

பயமாக இருக்கிறது. போவேன்.

செப்டம்பர் 14

தோற்றுவிட்டேன்.

இரண்டாவது ரவுண்டில் அந்த வலது கை வந்தது. வந்ததையே பார்க்கவில்லை. முட்டி தரையில் இருந்தது, ரெஃப்ரி எண்ணிக்கொண்டிருந்தார். ஐயோ, எழுந்திரு, எழுந்திருடி — எழுந்தேன்! மூன்றாவது ரவுண்டில் என் இடது கை அவள் வாயில் சரியாக விழுந்தது. ரத்தத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். கடைசி மணிவரை நின்றேன். பாயின்ட்டில் அவள் ஜெயித்தாள்.

“நின்னுட்டியேமா,” என்றார் மாஸ்டர். அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

செப்டம்பர் 19

மணிமொழி போன் செய்தாள். மாஸ்டரிடம் நம்பர் வாங்கினாளாம்.

“அக்கா, எனக்கும் பாதி வாக்ஓவர்தாங்க்கா. மீதிப் பேரு ஒரே அடியில விழுந்துட்டாங்க. என்னைய யாரும் அடிச்சதே இல்ல. உதட்டுல தையல் போட்டிருக்கு.” பிறகு கேட்டாள்: “ஞாயித்துக்கெழம வரட்டுங்களா? ஸ்பாரிங் பண்ணி மோதிப் பழக எனக்கு ஆளே இல்லக்கா.”

இத்தனை நாள் என் எதிராளிகளையே எண்ணிக்கொண்டிருந்தேன். நானும் ஒருத்திக்கு எதிராளி என்பது தோன்றவே இல்லை.

தையல் பிரித்ததும் வா என்றேன்.