பெயர் பொறித்த தட்டு

இன்று காலை கோயில் மண்டபத்து அலமாரியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. தட்டு வைக்கிற அலமாரியில் எதற்குப் பாச்சை உருண்டை என்று நீ கேலி செய்யாத திருவிழா உண்டா? "கரப்பானுக்குப் பயந்து மனுசன சாவடிச்சிராதடி" என்பாய். அந்த வாசத்தோடு உன் குரலும் வந்து நின்றது. இன்று உன் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. சாப்பாட்டுக்குத் தட்டு எடுக்கத்தான் நான் சாவியோடு வந்திருந்தேன்.

நம் கோயில் வழக்கம் உனக்குத் தெரியாததா? யாராவது தவறிப்போனால் வீட்டார் எவர்சில்வர் தட்டு வாங்கி, அதில் இறந்தவர் பெயரைப் பொறித்துக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். உன் மகளும் கொடுத்திருக்கிறாள். மேல் அடுக்கில் உன் பெயர் பளபளவென்று இருக்கிறது. கீழ் அடுக்கில் என் அப்பா பெயர், தேய்த்துத் தேய்த்து மங்கிப்போய். இந்த அலமாரிச் சாவி எத்தனையோ வருடமாக என்னிடம்தான். "சாவி வந்ததும் உனக்குக் கொம்பும் வந்திருச்சு" என்று நீ சொன்னபோதெல்லாம் சிரித்தேன். அது நிஜம் என்று அப்போது தோன்றவில்லை.

மியன்மார்ச் சண்டைக்காக நம் கோயிலில் சமாதான ஞாயிறு கொண்டாடினோமே, அதைத்தான் சொல்ல வருகிறேன். புலாவ் செபாங் பக்கத்துப் பலகை ஃபேக்டரியில் அந்த நாட்டு ஆட்கள் இரண்டு கூட்டமாக இருந்தார்கள். ஒரு கூட்டம் மலைப்பக்கத்து ஆட்கள், இன்னொன்று சமவெளி ஆட்கள். என் ஊரை உன் ஆட்கள் எரித்தார்கள், என் தம்பியை உன் ஆட்கள் சுட்டார்கள் என்று ஹாஸ்டலில் கைகலப்பு வரை போய்விட்டது. ஃபாதர் பிரசங்கத்தில், "அவங்கள ஒரே மேசையில உக்கார வைப்போம், பேச வைப்போம்" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னோம். மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னது நான்தான்.

சாப்பாட்டு நேரத்தில் அலமாரியைத் திறந்து, நம் ஆட்களுக்கு எவர்சில்வர் தட்டுகளை எண்ணி வைத்தேன். ஃபேக்டரியிலிருந்து வந்தவர்களுக்குக் காகிதத் தட்டு. நீ பார்த்துவிட்டாய்.

"என்னாடி இது?"

"கழுவ ஆள் இல்லலா."

"நான் கழுவுறேன்."

அப்போதுதான் உண்மை என் வாயிலிருந்து வந்தது. உன்னை ஓரமாக இழுத்து, "அவங்க வாய் வெச்ச தட்டுல நாளைக்கு நம்ம ஆளுங்க எப்படிச் சாப்பிடுவாங்க?" என்றேன்.

நீ கோபப்படவில்லை. "உங்க அப்பாவுக்குத் தோட்டத்துல, மேல்சாதிக்காரன் வீட்டு வாசல்ல, செரட்டையில டீ ஊத்துனத நீதானடி எங்கிட்ட சொல்லி அழுத?" என்றாய்.

"அது வேற, இது வேற" என்றேன். எத்தனை சுலபமாகச் சொன்னேன்! சிரட்டையில் குடித்த மனிதரின் பெயர் போட்ட தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

நீ ஒரு காகிதத் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்களோடு உட்கார்ந்தாய். அதுவரை இரண்டு கூட்டமும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பிறகு மலைப்பக்கத்து ஆள் ஒருவர் நம் மேசையைப் பார்த்தார், தன் கையில் இருந்ததைப் பார்த்தார், எதிர்க்கூட்டத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஒன்றாக வெளியே போய் மாமரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஃபாதருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. படம் எடுத்தார்கள். 'சமாதானம் கண்ட நம் பங்கு' என்ற தலைப்போடு அந்தப் படம் இன்னும் அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. நானும் அதில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

அந்த ஆள் என்ன சொன்னார் என்பதை நீதான் கண்டுபிடித்து வந்தாய். ஞாயிறுதோறும் குவே பலகாரம் வாங்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்வந்தவள் நீ ஒருத்திதானே. பாயா ரும்புட்டில் என் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "'அங்க நம்ம ரெண்டு பேரும் எதிரி, இங்க ரெண்டு பேருக்கும் ஒரே தட்டு'ன்னு சொன்னாராம். அவங்கள சேத்து வெச்சது நம்ம ஜெபம் இல்லடி. நம்ம செஞ்ச அவமானம்."

எனக்குச் சுரீர் என்றது. கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனேன். அதன்பிறகு பூசையில் சமாதானம் சொல்லிக் கைகூப்பும் நேரத்தில்கூட, பக்கத்தில் நின்ற உனக்கு முதுகைக் காட்டி மறுபக்கத்து ஆளுக்குக் கைகூப்பினேன். ஊருக்குத்தான் உபதேசம். நீ என்னைத் தேடி இரண்டு முறை வீட்டுக்கு வந்தாய். தலைவலி என்று உள்ளேயே படுத்துக்கொண்டேன். பிறகு உனக்கு நெஞ்சுவலி வந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கால்மாட்டிலேயே நின்றேன்.

இன்று அவர்கள் வந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே லாரியில் வந்து, யார் எந்தப் பக்கம் என்று தெரியாதபடி கலந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் ஆளாளுக்குப் பையிலிருந்து டப்பாவை எடுத்து வெளியே வைத்தார்கள். நம் கோயிலுக்குச் சாப்பிட வந்தால் தட்டைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்று புரிந்துவைத்திருக்கிறார்கள். நான் உன் தட்டுகளை அடுக்கிக்கொண்டு ஓடினேன். அந்த மலைப்பக்கத்து ஆளிடம் நீட்டினேன். "தாக் அப்பா, காக்" என்றார். பரவாயில்லை அக்கா, தன்னிடம் டப்பா இருக்கிறது என்று காட்டினார். அப்போதுதான் எழுத்துகள் அவர் கண்ணில் பட்டன. என்ன எழுதியிருக்கிறது என்று மலாயில் கேட்டார். உன் பெயரைச் சொன்னேன்.

அவர் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். உன் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். திரும்பித் தன் பாஷையில் ஏதோ சொன்னார், அதில் உன் பெயர் கேட்டது. டப்பாக்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. எல்லாரும் கை நீட்டினார்கள்.

உன் தட்டுகள் தீர்ந்துவிட்டன. வரிசையில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். அலமாரிக்கு ஓடி, கீழ் அடுக்கில் இருந்ததை எடுத்துவந்து அடுத்திருந்த பெண்ணிடம் நீட்டினேன்.

"இதிலும் அவர் பெயரா?" என்று கேட்டாள்.

"இல்ல. என் அப்பா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தபடியே, "தாக் அப்பா, காக்" என்று சொல்லித் தன் டப்பாவைத் திறந்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன், என் வாய் உனக்குத் தெரியும். அவள் மரியாதையாகத்தான் சொன்னாள்.

அலமாரிச் சாவியை உன் மகளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த ஒரு தட்டை மட்டும் திரும்ப வைக்கக் கை வரவில்லை. அப்பாவுக்குத் தோட்டத்தில் யாரும் தட்டு நீட்டியதில்லை. இன்று அவர் பெயரோடு ஒரு தட்டை நீட்டினேன், அன்று நான் செய்ததால் அதை யாரும் வாங்கவில்லை. இதை எழுதும்போதும் அது என் மடியில் காலியாக இருக்கிறது.